இலக்கைக் கண்டதும் விரல் முந்துகிறதா? டார்கெட் பேனிக்கிலிருந்து மீளும் பயிற்சி

நாணை இழுக்கிறீர்கள். கை இன்னும் தாடையைக்கூடத் தொடவில்லை, அதற்குள் அம்பு போய்விடுகிறது. சிலருக்கு நேர்மாறாக நடக்கும். அம்புமுனை இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிடும். எவ்வளவு முயன்றாலும் மேலே ஏறாது. இரண்டுமே டார்கெட் பேனிக், அதாவது இலக்கைக் கண்டதும் வரும் பதற்றம்தான். சைட் (குறிபார்க்கும் கருவி) பொருத்தாத லாங்போவிலும் (நீண்ட எளிய வில்) ரிகர்விலும் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) எய்பவர்களை இது நன்றாகவே ஆட்டிவைக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது கோழைத்தனமும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. அமெரிக்க வில்வேட்டையின் தந்தை என்று பலர் போற்றும் பிரெட் பேர் (1902–1988) இதனோடு போராடியவர். ஜப்பானியர்கள் தங்கள் கியூடோ வில்வித்தையில் இதன் வடிவங்களுக்குத் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். முந்தி விடுவது ஹயாகே, விட முடியாமல் உறைவது மொதாரே, திடுக்கென்று துள்ளுவது பிகு. கியூடோவில் ஓர் எய்தலுக்கு எட்டு நிலைகள் உண்டு. ஆறாவது நிலையான காய், முழு இழுப்பில் நிலைத்து நிற்பது. ஏழாவது, நாணை விடுவது. ஹயாகே வந்தவருக்கு அந்த ஆறாவது நிலையே இல்லாமல் போய்விடுகிறது.

எப்படி வருகிறது? திரும்பத் திரும்ப எய்யும்போது “மஞ்சள் தெரிந்தது, விட்டேன்” என்பது ஒரே செயலாக ஒட்டிக்கொள்கிறது. மிளகாய்ப்பொடி மூக்கருகே வந்ததும் தும்மல் வருவதுபோல, இலக்கு கண்ணில் பட்டதும் விரல் தானாகவே திறந்துவிடும். அதனால் “இன்னும் கவனமாகக் குறிபார்” என்ற அறிவுரை இங்கே உதவாது. குறிபார்ப்பதையும் விடுவதையும் மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

படி 1: வில்லின் பாரத்தைக் குறையுங்கள்

முழு இழுப்பில் நடுங்காமல் பத்து எண்ண முடியவில்லையா? அந்த வில் இந்தப் பயிற்சிக்கு ஆகாது. வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு 20 முதல் 25 பவுண்டு இழுவிசை போதும். கௌரவம் பார்க்காதீர்கள், கனமான வில்லே கையை அவசரப்படுத்துகிறது.

படி 2: வெற்றுப் பொதியில் எய்யுங்கள்

இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு, வைக்கோல் பொதி அல்லது நுரைப் பலகைக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டரில் நில்லுங்கள். பொதி உங்கள் தோள் உயரத்தில், அம்பு ஊடுருவாத தடிமனில் இருக்கட்டும். பின்னால் யாரும் இருக்கக் கூடாது. கியூடோவில் மாகிவாரா என்ற வைக்கோல் உருளையை ஏறக்குறைய ஒரு வில் நீளத் தொலைவில் வைத்து எய்வதும் இப்படித்தான்.

நாணை இழுத்து, கை தாடையில் பதிந்ததும் கண்ணை மூடுங்கள். முதுகுத் தசை இறுகுவதைக் கவனித்தபடி சற்று நின்று, பிறகு நாணை விடுங்கள். அம்பு எங்கே குத்தியது என்று பார்க்க வேண்டாம். சலிப்பாக இருக்கும், ஆனாலும் சில வாரங்கள் இதிலேயே இருங்கள்.

படி 3: எய்யாமல் இறக்கப் பழகுங்கள்

இந்தப் பயிற்சியின் உயிரே இதுதான். பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

இலக்குத் தாளைத் திரும்ப மாட்டுங்கள். நாணை இழுக்கும் முன்பே “இதை விடமாட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இழுங்கள், தாடையில் பதியுங்கள், நட்ட நடு மஞ்சளைப் பாருங்கள், ஐந்து எண்ணுங்கள், இறக்குங்கள். இறக்கும்போதும் அம்பு பொதியை நோக்கியே இருக்க வேண்டும். விரல்களைத் தளர்த்தாமல், நாண் இழுக்கும் கையை மெதுவாக முன்னே கொண்டுபோங்கள். அம்பு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். தவறி விரல் நழுவினால் வெறும் நாண் அடித்து வில்லே உடையக்கூடும்.

தொடக்கத்தில் மஞ்சளைப் பார்த்ததும் விரல் துடிக்கும். துடிக்கட்டும். துடித்தும் விடாமல் இறக்கிய ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டு கொஞ்சம் இளகுகிறது. ஐந்து எண்ணும்வரை துடிப்பே இல்லை என்றானதும் நண்பர் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் முழு இழுப்பில் நின்றபின் அவர் “விடு” என்றோ “இறக்கு” என்றோ சொல்லட்டும். எது வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் கை முந்திக்கொள்ள வழியில்லை.

படி 4: விடுவதற்கு வேறொரு அடையாளம்

இலக்கு இனி விடுவதற்கான சைகையாக இருக்கக் கூடாது. அம்பின் இறகு மூக்கு நுனியைத் தொடுவதைச் சிலர் சைகையாக வைத்துக்கொள்கிறார்கள். வில்லின் வளையும் பகுதியான லிம்பில் ஒட்டி, முழு இழுப்பில் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கரை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் பேர்போ (சைட் இல்லாத வில்) பிரிவில் கிளிக்கருக்கு அனுமதி இல்லை என்பதால், போட்டிக்குப் போகிறவர்கள் இறகையே பழகுவது நல்லது. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோயல் டர்னர் எய்யும்போது தனக்குத்தானே பேசிக்கொள்ளச் சொல்கிறார். “இழு, இழு, இழு” என்று சொல்லிக்கொண்டே முதுகால் இழுங்கள். மனம் அந்தச் சொல்லில் நிற்கும்போது விரல் திருட்டுத்தனமாகத் திறப்பது குறைகிறது. எனக்கு இறகைவிடச் சொல்தான் நம்பகமாகப் படுகிறது, ஏனென்றால் சொல் நின்றுபோனால் நிதானம் போய்விட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

படி 5: தொலைவைக் கூட்டுங்கள்

மூன்று மீட்டர், பிறகு ஐந்து, எட்டு, பன்னிரண்டு. முதலில் வெற்றுத் தாள், அடுத்து சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம், கடைசியில்தான் வழக்கமான இலக்குத் தாள். இந்த நாட்களில் புள்ளி கணக்கிட வேண்டாம். ஓர் அம்பு உங்களைக் கேட்காமல் போனால், அது நடு மஞ்சளில் குத்தியிருந்தாலும் முந்தைய குறைந்த தொலைவுக்கே திரும்புங்கள். அந்த அம்பைக் கொண்டாடினால் பழைய ஒட்டு மறுபடி இறுகும்.

சரியான பிறகும் போட்டி நெருங்கும்போதோ புது வில் வாங்கும்போதோ இது தலைகாட்டலாம். தினமும் முதல் சில அம்புகளை வெற்றுப் பொதியில் எய்யுங்கள், இடையிடையே ஓர் அம்பை எய்யாமல் இறக்குங்கள். போட்டியில் கை அவசரப்படுவது தெரிந்தாலும் நாணை இறக்கிவிட்டு, நேரம் இருக்கும்வரை மறுபடி இழுக்கலாம். விதி அதைத் தடுக்கவில்லை.