'எனக்குத் தெரியாததா?' என்று கேட்கும் ஆளாக மாறாமல் இருப்பது எப்படி

தலைக்கனம் பிடித்தவருக்குத் தனக்கு அது இருப்பது தெரியாது, இந்த வியாதியில் உள்ள பெரிய சிக்கலே அதுதான். அதனால் 'பணிவாக இருங்கள்', 'நான் என்ற எண்ணத்தை விடுங்கள்' என்று அறிவுரை சொல்வதில் பெரிய பயன் இல்லை. படிக்கிறவர் "இதை நம்ம மச்சானுக்கு அனுப்பணும்" என்று ஃபார்வர்டு செய்துவிட்டுப் போய்விடுவார். உங்களை இடித்துச் சொல்ல உங்களைச் சுற்றி ஆள் இருக்கிறார்களா, இருந்தால் அவர்களால் வாயைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். விமானத் துறை நிறைய உயிர்களைக் கொடுத்து இதைக் கற்றுக்கொண்டது, நாம் ஓசியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரீஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்கள் எல்லாம் இங்கே வந்து அடைந்து கிடந்தன, போதாக்குறைக்கு மூடுபனி வேறு. நெதர்லாந்தின் கே.எல்.எம் நிறுவனத்தைச் சேர்ந்த 747 ஜம்போ விமானத்தை ஓட்டியவர் அந்த நிறுவனத்தில் மற்றவர்களுக்கு 747 ஓட்டச் சொல்லிக்கொடுத்த மூத்த பயிற்சியாளர், கம்பெனி விளம்பரத்தில் முகம் வந்தவர். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானியைச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பு சோதித்து, 747 ஓட்டத் தகுதியானவர் என்று தேர்ச்சி கொடுத்தவரும் அவரேதான். அனுமதி வருவதற்கு முன்பே கேப்டன் கிளம்பப் பார்த்தார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சொன்னதும், அது எனக்குத் தெரியும், நீ கேள் என்கிற தோரணையில் பதில் வந்தது. அடுத்து ஏறுவதற்கான பாதை விவரம் மட்டும் ரேடியோவில் கிடைத்தது, கிளம்பலாம் என்ற அனுமதி கிடைக்கவில்லை. கேப்டன் கிளம்பிவிட்டார், இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும், அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருந்த பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அது விலகியிருக்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதியதில் 583 பேர் இறந்தார்கள்.

ஒரு மனிதரின் கர்வம் மட்டும்தான் காரணம் என்று எழுதினால் அது அநியாயம். மூடுபனி இருந்தது, ரேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியதில் முக்கியமான வார்த்தைகள் கேட்காமல் போயின, பணி நேர வரம்பு முடிந்துவிடும் என்ற அவசரமும் இருந்தது. ஆனால் அந்த விமானி அறையில் ஒருவருக்குச் சந்தேகம் இருந்தது, அவர் அதை வாய்விட்டும் கேட்டார், அப்படியும் விமானம் நிற்கவில்லை. நம் அலுவலகம், கடை, வீடு எல்லாவற்றிலும் நடப்பது இதுதான்.

முதலில் காதைப் பழக்குங்கள். கீழே இருப்பவர் உங்களிடம் "சார், நீங்க செய்றது தப்பு" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். கேள்வியாகத்தான் கேட்பார். "சார், அந்த கொட்டேஷன்ல ஜிஎஸ்டி சேர்த்தாச்சா?" என்று அந்தப் பையன் கதவருகே நின்றபடி இழுக்கிறான் என்றால், சேர்க்கவில்லை என்று அவனுக்குத் தெரியும், நீங்களாகவே கண்டுபிடித்ததுபோல இருக்கட்டும் என்று மரியாதைக்காகக் கேள்வியாக மாற்றிக் கொடுக்கிறான். நீங்கள் போனைப் பார்த்தபடியே "அதெல்லாம் பார்த்துட்டேன்ப்பா" என்றீர்கள் என்றால் சரி சார் என்று போய்விடுவான், அடுத்த முறை கதவு வரைக்கும்கூட வரமாட்டான். 'ஆச்சா?', 'இருக்குமோ?', 'ஒருவேளை' என்று முடிகிற எதையும் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டு வெறும் கேள்வியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், நஷ்டமில்லை.

அப்போது சொல்ல வேண்டிய பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நொடியில் வாயில் தானாக வருவது 'எனக்குத் தெரியாததா' தான். "எதை வச்சு கேக்கற?" என்பது போதும், ஆனால் குரலில் மிரட்டல் இருக்கக்கூடாது. எழுத்தில் ஒரே வார்த்தைதான், சொல்கிற விதத்தில் போலீஸ் விசாரணையாகவும் ஆகிவிடும். சந்தேகமாக இருந்தால் "உட்காரு, காட்டு" என்று சொல்லிவிடுங்கள், அதை மிரட்டலாகச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

அப்புறம், கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். பெரியவர் முதலில் அபிப்பிராயம் சொல்லிவிட்டு "இப்ப நீங்கள்லாம் சொல்லுங்க" என்றால் வருவது ஆமாம் சாமிதான். அங்கே இருப்பதிலேயே புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பேசவிடுங்கள், அவர் பேசும்போது தலையை ஆட்டாதீர்கள், புருவத்தையும் தூக்காதீர்கள். உங்கள் முகத்தைப் படிப்பதில் உங்கள் ஆட்கள் எல்லோரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

அடுத்தது கொஞ்சம் வலிக்கும். இரண்டு முறை சொன்னால் நிறுத்துவது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு தடவை தடுத்தால் நீங்கள் காரணம் சொல்லலாம். காரணத்தைக் கேட்ட பிறகும் அவர் திரும்பச் சொன்னால், அவர் யாராக இருந்தாலும், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சண்டை நடக்கும்போது ஏற்பாடு செய்ய முடியாது, எல்லோரும் டீ குடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது சொல்லி வைக்க வேண்டும், "நிறுத்தணும் சார்" என்பதுபோல எந்த வார்த்தை என்பதையும் சேர்த்து.

தைரியமாகச் சொல்லும் ஆள் ஒருவர் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் வர வேண்டியதைவிட அதிக உயரத்தில் வந்துகொண்டிருந்தது. இறங்க வேண்டாம், திரும்ப மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார், எச்சரிக்கைக் கருவியும் கத்தியது, கேப்டன் இறக்கினார். மேட்டு நிலத்தின் விளிம்பைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்ததில் 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். விசாரணை அறிக்கையும் கேப்டன் அந்த இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததைத்தான் நேரடிக் காரணமாகச் சொன்னது. சொல்கிற ஆள் இருந்தார், ஆனால் சொன்னால் நின்றே ஆக வேண்டும் என்கிற பிடி அவர் கையில் இல்லை. அதனால்தான் இன்று பல விமான நிறுவனங்களில் இரண்டு விமானிகளில் யார் 'மேலே ஏறு' என்றாலும் கேள்வி கேட்காமல் ஏற வேண்டும், அதற்காக யார் மேலும் நடவடிக்கை கிடையாது என்று விதி வைத்திருக்கிறார்கள். உங்கள் இடத்திலும் ஏதாவது ஒன்றையாவது அப்படிக் கையைவிட்டுக் கொடுங்கள். கணக்குப் பார்ப்பவர் வேண்டாம் என்றால் அந்தச் செக் அன்றைக்குப் போகாது, அவ்வளவுதான், முதலாளியே வந்து கேட்டாலும்.

யாரை அப்படி வைத்துக்கொள்வது என்பதிலும் கவனம் வேண்டும். நீங்கள் வளர்த்துவிட்டவர், நீங்கள் வேலை வாங்கிக் கொடுத்தவர், சம்பள உயர்வுக்கு உங்கள் கையெழுத்தை எதிர்பார்ப்பவர், இவர்களெல்லாம் நல்லவர்களாக இருக்கலாம், ஆனால் டெனெரீஃப் துணை விமானியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களிடம் எதுவும் தேவைப்படாத ஒருவர் வேண்டும். பழைய நண்பர், ஓய்வு பெற்ற சீனியர், பெரும்பாலும் உங்கள் மனைவி அல்லது கணவர், அவரோ ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இதெல்லாம் செய்தால் மரியாதை போய்விடும், பிடி தளர்ந்துவிடும் என்பது பொதுவான பயம். 1989 ஜூலையில் அமெரிக்காவில் யுனைடெட் 232 விமானத்தின் வால் பக்க இன்ஜின் உடைந்து மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துப்போயின, அதாவது கையில் இருக்கும் கண்ட்ரோலைத் திருப்பினால் விமானம் திரும்பாது. பயணியாக வந்திருந்த அதே நிறுவனத்தின் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் விமானி ஒருவர் உதவலாமா என்று சொல்லியனுப்பினார். கேப்டன் ஆல் ஹேன்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டு, மீதமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலையை அவர் கையில் கொடுத்தார். தரையில் மோதி உடைந்த அந்த விமானத்திலிருந்து 184 பேர் பிழைத்தார்கள். கேப்டன் கடைசிவரை கேப்டன்தான். எல்லோரையும் பேசவிடும் பயிற்சியை அந்த நிறுவனம் 1981லேயே ஆரம்பித்திருந்தது, அது இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று அவரே பிற்பாடு பல மேடைகளில் சொன்னார்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போடச் சொல்ல வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு எந்த ஹோட்டல் என்பதற்கெல்லாம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் அதுவும் ஒருவகைத் தொல்லை. தப்பானால் திருப்ப முடியாத விஷயங்களுக்கு, அதாவது பணம், உடல்நலம், ஆளை வேலையை விட்டு அனுப்புவது, பிள்ளையின் படிப்பு, கல்யாணம், இவற்றுக்கு மேலே சொன்னது கட்டாயம்.

எங்கே ஆரம்பிப்பது? "என்னைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்காதீர்கள், அது பாராட்டுக்குப் பிச்சை எடுப்பது. "இந்த வாரம் நான் எடுத்த முடிவுல எதை நீங்களா இருந்தா வேற மாதிரி செஞ்சிருப்பீங்க?" என்று கேளுங்கள். முதல் வாரம் "ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். அடுத்த வாரமும் கேளுங்கள். கொஞ்ச நாளில் ஒரு உப்புச்சப்பில்லாத குறை வரும், ஏசி குளிராக இருக்கிறது, மீட்டிங்கை ஆறு மணிக்கு வைக்காதீர்கள் என்பதுபோல. அதை அன்றைக்கே செய்து கொடுங்கள், உங்களை உரசிப் பார்க்கிறார்கள். அடுத்து வருவது உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கும், "எதை வச்சு கேக்கற?" என்பதை அதற்குள் நன்றாகப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.