லைசென்ஸ், ஆர்சி சிக்கலுக்கு யாருக்குப் போன் போடுவது?

ஆர்டிஓ வேலையைப் போனிலேயே முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முடியாது. ஆனால் நம்முடைய விண்ணப்பம் எந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் போனிலேயே கண்டுபிடித்துவிடலாம். அது தெரிந்துவிட்டால் மூன்று நடை ஒரு நடையாகும், சில சமயம் நடையே தேவைப்படாது. இதை நான் கற்றுக்கொண்டது அப்பாவின் லைசென்ஸைப் புதுப்பித்தபோது. மூன்று இடங்களுக்குப் போன் போட்டேன், முதல் இரண்டு இடங்களிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், இரண்டுமே நான் போட்டிருக்க வேண்டிய இடம் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், வண்டி, லைசென்ஸ், அபராதம் எல்லாவற்றையும் சேர்த்து நாம் ஒரே வார்த்தையில் ‘ஆர்டிஓ’ என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அது நான்கு தனித்தனி வாசல். நாம் விண்ணப்பிக்கிற பரிவாகன் இணையதளம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துடையது, அதற்கான மென்பொருளைச் செய்து பராமரிப்பது என்ஐசி என்கிற மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம். அதில் லைசென்ஸ் சம்பந்தப்பட்டதெல்லாம் ‘சாரதி’, வண்டி சம்பந்தப்பட்டதெல்லாம் ‘வாகன்’. விண்ணப்பத்தைப் பார்த்து ஒப்புதல் தருவதோ மாநில அரசின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அட்டையைக் கொண்டுவந்து கொடுப்பது தபால்துறை. தெருவில் படம் பிடித்து வருகிற சலான் பெரும்பாலும் போக்குவரத்துக் காவல்துறையுடையது. இந்த நால்வரில் ஒருவரிடம் இன்னொருவரின் வேலையைக் கேட்டால், அவருக்கு மனசு இருந்தாலும் செய்ய முடியாது, அவர் திரையில் அது தெரியவே தெரியாது.

சரி, முதல் வாசல். பரிவாகன் ஹெல்ப்டெஸ்க் எண் 0120-4925505. 0120 என்பது நொய்டாவின் எஸ்டிடி கோடு, அதனால் ஏதோ வடநாட்டு எண் என்று பயப்பட வேண்டாம். செல்போனில் இருந்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தோடு சேர்த்தே அடிக்க வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை என்று நேரம் போட்டிருக்கிறார்கள், ஆபீஸ் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி, ஏழு மணிக்குக் காபியோடு உட்கார்ந்து பேசிவிடலாம். அடிப்பதற்கு முன்னால் பரிவாகன் தளத்தின் தொடர்பு பக்கத்தைத் திறந்து எண்ணை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், இந்த எண்கள் முன்பு ஒருமுறை மாறியவைதான். போன் கிடைக்காவிட்டால் அதே பக்கத்தில் சாரதிக்கு, வாகனுக்கு, சலானுக்கு என்று தனித்தனி மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன, திரையைப் படம் எடுத்து அனுப்ப அதுதான் வசதி.

இந்த ஹெல்ப்டெஸ்கிடம் கேட்க வேண்டியது மென்பொருள் சிக்கல்களை மட்டும். ஓடிபி வரவில்லை, ஆவணம் ஏறவில்லை, பக்கம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பணம் போய்விட்டது ரசீது வரவில்லை, இந்த மாதிரி. ‘ஏன் இன்னும் ஒப்புதல் தரவில்லை’ என்று அவர்களிடம் கேட்டால் ‘உங்கள் ஆர்டிஓவைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்பதுதான் பதில். அது தட்டிக்கழிப்பு இல்லை, ஒப்புதல் பொத்தான் அவர்களிடம் கிடையாது.

பணம் போன விஷயத்தில் மட்டும் போன் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சாரதியில் கட்டணப் பகுதிக்குள் ‘வெரிஃபை பே ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று இருக்கும். விண்ணப்ப எண்ணைப் போட்டு அதை அழுத்தினால் பல நேரம் வங்கியில் நின்றுபோன தகவல் அப்போதே வந்து சேர்ந்து ரசீது திறந்துவிடும். அதைப் பார்க்காமல் பதற்றத்தில் இரண்டாவது தடவை பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு தடவை கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குவது எளிது, இரண்டு தடவை கட்டியதில் ஒன்றைத் திரும்ப வாங்குவது வேறு கதை.

போன் அடிப்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை: விண்ணப்ப எண், பிறந்த தேதி, லைசென்ஸ் எண் அல்லது வண்டி எண், பணம் கட்டிய தேதி, வங்கி தந்த பரிவர்த்தனை எண், அப்புறம் இணையதளத்தில் ‘அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ்’ பகுதி இந்த நிமிடம் என்ன காட்டுகிறது என்பது, அதே வார்த்தைகளில். கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். ‘ரொம்ப நாளாகப் பெண்டிங்’ என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ‘ஸ்க்ரூட்டினியில் நிற்கிறது’ (அதாவது ஆவணச் சரிபார்ப்பில்) என்று சொன்னால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

வாகன் சம்பந்தப்பட்ட வேலை என்றால் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் தேவைப்படும், பல இடங்களில் அதைத்தான் கேட்கிறது. இப்போதைய வண்டிகளில் சேஸிஸ் எண் 17 எழுத்து, அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ வரவே வராது. அதனால் ஓ மாதிரி ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம், ஐ மாதிரி தெரிந்தால் ஒன்று. பழைய ஆர்சியில் அச்சு மங்கியிருக்கும்போது இது ஒன்றே போதும், பல ‘விவரம் பொருந்தவில்லை’ தொல்லைகள் தீர்ந்துவிடும்.

மொழி ஒரு தடை என்று சிலர் போன் போடவே தயங்குகிறார்கள். எடுப்பவர் இந்தியில் ஆரம்பித்தால் ‘இங்கிலீஷ் ப்ளீஸ்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், இலக்கணமெல்லாம் வேண்டாம். விண்ணப்ப எண், பிரச்சினை என்ன என்று நாலு வார்த்தை, அவ்வளவு போதும். எனக்கு அது கூட முடியாது என்றால் மின்னஞ்சலுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது வாசல்தான் நம் ஊர் ஆபீஸ். அதன் தொலைபேசி எண்ணைக் கூகுளில் தேடாமல் தமிழ்நாடு போக்குவரத்துத் துறையின் சொந்தத் தளமான டிஎன்எஸ்டிஏ டாட் ஜிஓவி டாட் இன் (tnsta.gov.in) போய் எடுங்கள். எந்த ஆபீஸ் என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். லைசென்ஸ் ஒரு ஊரில் எடுத்து, வண்டியை வேறு ஊரில் பதிந்து, இப்போது மூன்றாவது ஊரில் குடியிருப்பவர்கள் நம்மில் ஏராளம். கோயம்புத்தூரில் தெற்கு டிஎன் 37, வடக்கு டிஎன் 38, மதுரையில் தெற்கு 58, வடக்கு 59. ஒரே ஊர்தானே என்று மாற்றி அடித்தால் ‘இங்கே இல்லைங்க’ என்று வைத்துவிடுவார்கள். விண்ணப்ப ஒப்புகைச் சீட்டிலேயே எந்த அலுவலகம் என்று அச்சடித்திருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள்.

அரசு அலுவலக நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை. ஆனால் பத்து மணிக்கு அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. காலையில் ஆய்வாளர்கள் (ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் புரியும்) எட்டுப் போடச் சொல்லும் மைதானத்தில் இருப்பார்கள், உள்ளே இருக்கிற ஒன்றிரண்டு பேரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், அந்த நேரத்தில் மணி அடிக்கிற போனை எடுக்க யாருக்குத்தான் தோன்றும். என் அனுபவத்தில் மூன்று மணிக்கு மேல் நாலரைக்குள் அடித்தால் கிடைக்கிறது. திங்கட்கிழமையும் நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாளும் வேண்டாம்.

எடுத்தவுடன் கதை சொல்லாதீர்கள். முதல் கேள்வி ‘சார், லைசென்ஸ் செக்‌ஷன்ல யார்கிட்ட பேசணும்?’ என்று இருக்கட்டும். செக்‌ஷன் கிடைத்ததும் இப்படி: ‘சார், சாரதி அப்ளிகேஷன், ரின்யூவல், போன மாசம் பன்னிரண்டாம் தேதி பணம் கட்டியாச்சு, ஸ்க்ரூட்டினியிலேயே நிக்குது, ஏதாவது பேப்பர் குறையுதா?’ இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். ‘ஏன் லேட்’ என்று கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுகிறார், ‘என்ன குறையுது’ என்று கேட்டால் உதவி செய்பவர் ஆகிவிடுகிறார். பெரும்பாலும் ஏதாவது குறைந்திருக்கத்தான் செய்யும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவரிடம் வாங்கும் படிவம் 1ஏ, கடன் முடிந்து ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் வண்டிக் கடன் குறிப்பைக் கேன்சல் பண்ணுபவர்களுக்கு வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35, இவை சரியாக ஏறாமல் மங்கலாகப் போயிருக்கும். பேசியவரின் பதவியையும் தேதி நேரத்தையும் அதே துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பா கதைக்கு வருகிறேன். இணையத்தில் ஒப்புதல் ஆகிவிட்டது என்று காட்டுகிறது, அட்டை வரவில்லை. ஹெல்ப்டெஸ்குக்கு அடித்தேன், எங்கள் பக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். தெரியாமல் பக்கத்து ஆர்டிஓவுக்கு அடித்தேன், எங்கள் ஃபைல் இல்லை என்றார்கள். சரியான ஆபீஸுக்கு அடித்தேன், ‘அனுப்பியாச்சே சார்’ என்றார்கள். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸும் ஆர்சியும் விரைவுத் தபாலில் மட்டும்தான் வருகிறது, கையில் கொடுப்பதில்லை. நான் ‘அப்படியா’ என்று வைத்திருந்தால் கதை இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கும். ஏதோ தோன்றி, ‘சார், அந்த ஸ்பீட் போஸ்ட் நம்பர் மட்டும் சொல்லுங்களேன்’ என்றேன்.

சொன்னார். முதல் எழுத்து ஈ. இரண்டாவது எழுத்து பி. எழுதிப் போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு தபாலே இல்லை என்கிறது. மறுபடி போன். ‘சார், அது பாம்பே பி-யா, பாண்டிச்சேரி பி-யா?’ அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி, அப்புறம் சிரிப்பு. ‘திருச்சி டி சார்.’ நம் எழுத்தில் இரண்டு பி-க்கும் ஒரே ப-தான், போனிலோ டி-யும் பி-யும் கூட ஒன்றுபோலக் கேட்கிறது, ஆகவே எந்த எண்ணை வாங்கினாலும் எழுத்துக்கு ஒரு ஊர் பெயர் கேட்டு வாங்குங்கள். விரைவுத் தபால் எண் மொத்தம் 13: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ, என். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் அங்கேயே திரும்பக் கேட்டுவிடலாம்.

எண்ணைப் போட்டதும் தெரிந்துவிட்டது: ‘கதவு பூட்டியிருந்தது’. உண்மைதான், அந்த வாரம் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அட்டை நாலு தெரு தள்ளி இருக்கிற தபால் நிலையத்தில்தான் இருந்தது. தபால்துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868, ஆனால் உங்கள் பகுதித் தபால்காரரின் முகம் தெரியுமானால் அதை விட வேகம் வேறு எதுவும் இல்லை. அதுவரை வண்டி ஓட்ட என்ன செய்வது என்றால், டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டும் லைசென்ஸ் சட்டப்படி செல்லும்.

சலானுக்கு வருவோம். நீங்கள் போகாத ஊரில் உங்கள் வண்டி எண்ணுக்கு அபராதம் வந்தால் ஆர்டிஓவைத் திட்டி லாபமில்லை. சலானைத் திறந்தால் யார் போட்டது, எந்த இடம், எத்தனை மணி என்று இருக்கும், பெரும்பாலும் படமும் இருக்கும். படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லை என்றால் அதைப் போட்ட காவல் பிரிவிடம்தான் பேச வேண்டும். போக்குவரத்துத் துறையும் சலான் போடும் என்பதால் முதலில் பெயரைப் பாருங்கள்.

போனே போடாமல் நேரில் போக வேண்டியதும் ஒன்று உண்டு. கணினிக்கு முந்தைய காலத்து லைசென்ஸ் எண்ணைப் போட்டால் ‘விவரம் இல்லை’ என்று வந்தால், அது பேக்லாக், அதாவது இன்னும் கணினியில் ஏற்றாத பழைய பதிவு. அசல் லைசென்ஸைப் பார்த்துத்தான் ஆபீஸில் ஏற்றுவார்கள், எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள். கூகுளில் ‘ஆர்டிஓ கஸ்டமர் கேர்’ என்று தேடினால் பத்து இலக்க செல்போன் எண்கள் வரிசையாக வரும். அதில் ஒருவர் உடனே எடுப்பார், தமிழிலேயே இனிக்க இனிக்கப் பேசுவார், அப்புறம் ஒரு செயலியை இறக்கச் சொல்வார் அல்லது பத்து ரூபாய் கட்டச் சொல்வார். அரசு அலுவலகப் போன் இரண்டாவது ரிங்கில் எடுக்கப்பட்டாலே கொஞ்சம் சந்தேகப்படலாம். வாட்ஸ்அப்பில் ‘ஆர்டிஓ சலான்’ என்று வரும் ஏபிகே கோப்பும் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) இதே ரகம், தொட்டால் போனே அவர்கள் கையில். உண்மையான ஹெல்ப்டெஸ்க் ஓடிபி கேட்காது, உங்கள் திரையைப் பார்க்கவும் கேட்காது. ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930.

எல்லாம் சரியாகச் செய்தும் விண்ணப்பம் அசையவில்லை என்றால் முதல்வர் உதவி மையம், 1100. இங்கே தமிழில் பேசலாம். விண்ணப்ப எண், அலுவலகத்தின் பெயர், நீங்கள் குறித்து வைத்த அந்தத் தேதிகள், இவற்றை வரிசையாகச் சொல்லி மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மனு அதே அலுவலகத்துக்குத்தான் திரும்பிப் போகும், ஆனால் இந்த முறை பதில் சொல்ல வேண்டிய காகிதமாகப் போகும். அதற்கும் மேலே தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது’ என்று கேட்டு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். போனில் எழுதிய அந்தத் துண்டுக் காகிதத்தை அதுவரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.