வேல்ஸ் ஜென்ட்ரி கொடிவழி: இவர் மகனா, பேரனா, தம்பியா என்று தீர்ப்பது எப்படி

பிரபுப் பட்டம் இல்லாத, ஆனால் ஊரில் நிலமும் செல்வாக்கும் உள்ள குடும்பங்களை ஜென்ட்ரி என்பார்கள். வேல்ஸில் இந்தக் குடும்பங்கள் கொடிவழியை உயிராக மதித்தவை. கவிஞர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள், பிறகு ஏட்டில் எழுதினார்கள், அதன்பின் அச்சிட்டார்கள். அதனால் இங்கே தகவலுக்குப் பஞ்சம் வருவது குறைவு. ஒரே ஆளுக்கு இரண்டு அப்பாக்களும் மூன்று அம்மாக்களும் கிடைப்பதுதான் வழக்கமான தலைவலி.

முதலில் சண்டை எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். “1566-ல் இறந்தவர் இவருடைய மகனா, அல்லது இதே பெயருள்ள மகனின் மகனா?” என்பது கேள்வி. “இந்தக் குடும்ப மரம் சரியா?” என்பது கேள்வியே இல்லை. தகராறுகள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் வரும்: இரண்டு ஆட்கள் ஒருவராகக் கலந்துவிட்டது, ஒரு தலைமுறை விடுபட்டது அல்லது இரட்டித்தது, தாய் மாறிப்போனது, பிள்ளை மண உறவுக்குள் பிறந்ததா வெளியே பிறந்ததா என்பது. எந்த வகை என்று தெரிந்தால் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கூற்று எங்கிருந்து கிளம்பியது

ஐந்து நூல்கள் ஒரே உறவைச் சொல்கின்றன என்றால் ஐந்து சாட்சிகள் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஐந்தும் ஒரே கையெழுத்துப் படியைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். ஒவ்வொரு கூற்றையும் பின்னோக்கிப் பிடித்துச் சென்று, அதை முதலில் எழுதியவர் யார், எந்த ஆண்டு, யாரைக் கேட்டு எழுதினார் என்று பாருங்கள்.

லூயிஸ் டன் 1586 முதல் 1613 வரை வேல்ஸ் முழுவதும் சுற்றிக் குடும்பக் கொடிவழிகளைத் தொகுத்தார். பல பதிவுகளின் கீழ் அந்தக் குடும்பத் தலைவரின் கையொப்பமே இருக்கிறது. 1590-ல் கையொப்பமிட்டவருக்குத் தன் பெற்றோர், தாத்தா பாட்டி, மனைவி, பிள்ளைகள் யாரென்று நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தப் பகுதிக்கு நல்ல மதிப்பு கொடுக்கலாம். அவருக்கு மேலே ஏழாவது, எட்டாவது தலைமுறை வரும்போது பேசுவது குடும்ப நினைவு அல்ல, முந்தைய ஏடு. ஒரே பக்கத்தில் கீழ்ப்பாதி நேரடிச் சாட்சியாகவும் மேல்பாதி செவிவழிச் செய்தியாகவும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

டன்னின் தொகுப்பு அச்சேறியது 1846-ல். அச்சுப் படியில் ஒரு பெயர் இடித்தால் கையெழுத்துப் படியைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். வடமேற்கு வேல்ஸின் ஆங்கிள்சி, கார்னர்வன்ஷயர் மாவட்டக் குடும்பங்களுக்கு 1914-ல் கிரிஃபித் வெளியிட்ட பெருந்தொகுப்பைத்தான் எல்லோரும் முதலில் புரட்டுவார்கள். பல ஏடுகளைக் கலந்து கட்டியது என்பதால், வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாமே தவிர ஆதாரமாக அல்ல. 1500-க்கு முந்தைய காலத்துக்குப் பீட்டர் பார்ட்ரமின் தொகுப்பு மிகவும் கைகொடுக்கும். ஏடுகள் முரண்படும் இடங்களை அது மூடி மறைப்பதில்லை. அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் வைத்திருக்கிறது.

இரண்டு ஏடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையா என்று கண்டுபிடிக்கச் சரியான சொற்களைவிடப் பிழைகளே உதவும். அதே மனைவியின் பெயர் இரண்டிலும் ஒரே விதமாகத் தவறாக இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே சாட்சிதான்.

பெயர்ப் பட்டியல் போடுங்கள்

‘ஆப்’ என்றால் மகன், ‘வெர்க்’ என்றால் மகள். ஜென்ட்ரி குடும்பங்கள் 16-ம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல நிலையான குடும்பப் பெயருக்கு மாறின. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் மாறவில்லை. ஆப் ரீஸ் பிரைஸ் ஆனது, ஆப் ஹவெல் பவல் ஆனது, ஆப் ஓவைன் போவன் ஆனது. கூடப்பிறந்த இருவரில் அண்ணன் தந்தையின் பெயரையும் தம்பி வீட்டின் பெயரையும் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டிருக்கலாம். பெண்கள் மணமான பிறகும் தந்தை பெயரையே வைத்திருந்தார்கள். ஆகவே உயிலில் மனைவியின் குடும்பப் பெயர் வேறாக இருப்பதை வைத்து மணம் நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தகராறுக்குரிய ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எடுத்து, அவர் பெயர் எழுதப்பட்ட எல்லா வடிவங்களையும் ஆவணத்தோடும் ஆண்டோடும் குறித்து வையுங்கள். இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் தேவை. யெய்யன், ஈவன், ஷோன் மூன்றையும் லத்தீனில் எழுதிய எழுத்தர் ‘யோஹன்னஸ்’ என்றே போட்டுவிடுவார். லத்தீன் பத்திரத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூன்று ஆட்கள் ஒருவராகத் தெரிவார்கள். இன்னொன்று ‘வுகன்’ என்ற அடைமொழி. இளையவர் என்று பொருள். பின்னாளில் வான் என்ற குடும்பப் பெயரானது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் இருக்கும்போது மகனைப் பிரித்துக் காட்ட இது பயன்பட்டது. படியெடுத்தவர் இந்த ஒரு சொல்லை விட்டால் ஒரு தலைமுறை காணாமல் போகும். அதற்காக வுகன் என்று கண்டவுடன் தந்தைக்கும் அதே பெயர் என்று எழுதிவிடாதீர்கள். 1246-ல் இறந்த எட்னவெட் வுகனின் தந்தை பெயர் கன்ரிக்.

ஆண்டுக் கணக்கு

பங்குத் தேவாலயங்களில் ஞானஸ்நானம், மணம், அடக்கம் மூன்றையும் பதியும்படி 1538-ல் ஆணை வந்தது. வேல்ஸில் பெரும்பாலான பங்குகளில் 1660-க்கு முந்தைய பதிவேடு மிஞ்சவில்லை. அதனால் பிறந்த தேதிக்குப் பதிலாக எல்லைகளைத்தான் கட்ட வேண்டும்: இவர் இந்த ஆண்டுக்குப் பிந்திப் பிறந்திருக்க முடியாது, இந்த ஆண்டுக்கு முந்தி இறந்திருக்க முடியாது.

நிலத்தைத் தன் பெயரில் விற்றவருக்கு 21 வயதாவது ஆகியிருக்கும். தந்தைவழித் தலைமுறைக்குச் சராசரியாக 30 முதல் 35 ஆண்டு வையுங்கள். பெண்களுக்குப் பிள்ளைப்பேற்று எல்லை 45-ஐத் தாண்டுவது அரிது. இந்தக் கடைசிக் கணக்கு மிகவும் கூர்மையானது. ஆண் 70 வயதிலும் தந்தையாகலாம் என்று வாதிடலாம். தாயின் வயதில் அந்த நெகிழ்வு இல்லை. ஒருவர் 1480-ல் நிலம் விற்கிறார், அவருடைய ‘மகன்’ 1561-ல் கைக்குழந்தைகளை விட்டு இறக்கிறார் என்றால் உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் நடுவில் ஒருவர் விடுபட்டிருப்பார் என்று சந்தேகப்பட இதுவே போதும்.

தேதியைப் படிப்பதிலேயே தவறு வரும். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-ல்தான் தொடங்கியது. ஆவணத்தில் 1640 பிப்ரவரி 10 என்றிருந்தால் நம் கணக்கில் அது 1641. குறிப்பில் 1640/41 என்று இரண்டையும் எழுதுங்கள். இதைக் கவனிக்காமல், உயில் எழுதுவதற்கு முன்பே இறந்தவரை வைத்துக்கொண்டு இரண்டு ஆட்களாகப் பிரித்தவர்கள் உண்டு. ஆட்சி ஆண்டில் எழுதிய பத்திரங்களுக்கு அரசர் பதவியேற்ற நாளிலிருந்து எண்ண வேண்டும். எட்டாம் ஹென்றியின் 12-ம் ஆண்டு 1520 ஏப்ரல் 22-ல் தொடங்கி 1521 ஏப்ரல் 21-ல் முடிகிறது.

நிலம் பேசட்டும்

கொடிவழி பெருமைக்காக எழுதப்பட்டது. நிலப் பத்திரம் காசுக்காக எழுதப்பட்டது. பிழையாக எழுதினால் யாராவது வழக்குப் போடுவார்கள். எனவே இரண்டும் மோதினால் பத்திரத்தின் பக்கம் சாய்வதுதான் சரி.

பழைய வேல்ஸ் சட்டப்படி நிலம் எல்லா மகன்களுக்கும் சமமாகப் பிரிந்தது. 1536, 1543 ஆண்டுகளின் சட்டங்களோடு அந்த முறை முடிந்து, மூத்த மகனுக்கே எல்லாம் என்ற ஆங்கில முறை வந்தது. அதற்கு முந்தைய தகராறு என்றால் பாகப்பிரிவினையைத் தேடுங்கள். ஒரு சிற்றூரின் நிலம் நான்கு பங்காகி, நாலில் ஒரு பங்கு பின்னர் ஒருவர் கையில் இருந்தால், அவர் அந்த நான்கு சகோதரரில் ஒருவரின் வழி என்பதற்கு அது நல்ல அறிகுறி. ‘பிரிட்’ என்ற வேல்ஸ் அடமான முறையும் உதவும். நிலத்தை விற்க முடியாத காலத்தில் நான்கு ஆண்டுத் தவணைக்கு ஈடு வைத்து, மீட்காவிட்டால் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டார்கள். மீட்க உரிமையுள்ள வாரிசுகளின் பெயர்கள் அந்தப் பத்திரங்களில் வரும்.

எல்லாவற்றிலும் மேலானது திருமண ஒப்பந்தப் பத்திரம். இரு வீட்டுத் தந்தைமார் பெயர், மணமக்கள் பெயர், சீதனம், எந்த நிலம் எந்தப் பிள்ளைக்கு என்பதெல்லாம் தேதியோடு ஒரே தாளில் கிடைக்கும். குடும்ப எஸ்டேட்டுகளின் ஆவணத் தொகுப்புகளில் தேடுங்கள். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்திலும் பாங்கர் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலும் பெரிய தொகுப்புகள் உள்ளன. மணமகளின் பிறந்த வீட்டு எஸ்டேட்டையும் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டுப் படி தொலைந்திருந்தால் இன்னொரு படி அங்கே இருக்கலாம்.

நில உரிமையாளர் இறந்ததும் அரசு நடத்திய விசாரணைகள் வாரிசையும் அவர் வயதையும் சொல்லும். ஆனால் ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்பது சடங்குச் சொல். அதை வைத்து அவருக்குச் சரியாக 21 வயது என்று கணக்கிட்டால் மரம் முழுவதும் கோணலாகும்.

உயிலும் வழக்கும்

1858-க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டன. பாங்கர், செயின்ட் ஆசஃப், செயின்ட் டேவிட்ஸ், லாண்டாஃப் மறைமாவட்டங்களின் உயில்கள் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 1,90,000-க்கும் மேற்பட்டவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வசதியானவர்களின் சொத்து பல மறைமாவட்டங்களில் இருந்ததால் அவர்கள் உயில் கேன்டர்பரி தலைமை நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உள்ளூரில் இல்லை என்றதும் நிறுத்திவிடாதீர்கள்.

உயிலில் ஒரு மகனின் பெயர் இல்லாதது அவர் மகன் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது. மூத்தவருக்கு மண ஒப்பந்தத்திலேயே எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். உறவுச் சொற்களும் இன்றைய பொருளில் இல்லை. ‘கசின்’ எந்தத் தூரத்துச் சொந்தக்காரரையும் குறிக்கும். ‘சன் இன் லா’ மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முந்தைய தாரத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். குறிப்பெடுக்கும்போது ‘கசின்’ என்பதை மாமன் மகன், சித்தப்பா மகன் என்று நம் பழக்கத்தில் மாற்றி எழுதாதீர்கள். மூலத்தில் இல்லாத ஓர் உறவை நாமே உண்டாக்கியதாகும்.

1543 முதல் 1830 வரை வேல்ஸுக்கென்று இருந்த கிரேட் செஷன்ஸ் நீதிமன்ற ஆவணங்களும் தேசிய நூலகத்தில்தான். மன்மத்ஷயர் மாவட்டம் அதன் வரம்புக்குள் வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். சொத்து வழக்கில் வாதியும் பிரதிவாதியும் சொல்லும் கொடிவழி தங்களுக்குச் சாதகமானது. கிராமத்துக் கிழவர்களின் சாட்சியம் அதைவிட மேல். வயதைச் சொல்லி, எத்தனை ஆண்டாகப் பழக்கம் என்றும் சொல்லியிருப்பார்கள்.

தாய் யார், தந்தை உண்மையில் யார்

மறுமணம் மலிந்த சமூகம் அது. பெரைன் வீட்டுக் கேத்ரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1591-ல் இறந்தவர், ‘வேல்ஸின் தாய்’ என்ற பெயர் பெற்றவர். ஜான் சால்ஸ்பரி, சர் ரிச்சர்ட் கிளஃப், க்விடிர் வீட்டு மாரிஸ் வின், எட்வர்ட் தெல்வால் என்று வரிசையாக நான்கு கணவர்கள். முதல் மூவருக்கும் பிள்ளைகள் பெற்றார். மாரிஸ் வின்னின் புகழ்பெற்ற மகன் சர் ஜான் வின்னுக்கு இவர் மாற்றாந்தாய் மட்டுமே. அவருடைய தாய் ஜேன் பல்க்லி. கேத்ரினுக்கும் மாரிஸுக்கும் பிறந்த ஜேன், நான்காம் கணவரின் மகன் சைமன் தெல்வாலை மணந்தார். இப்படிப்பட்ட இடத்தில் ‘என் அம்மா’, ‘என் சகோதரர்’ என்று ஒரு கடிதத்தில் வந்தால் பெற்றவரா, மாற்றாந்தாயா, மாமியாரா என்று தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒவ்வொரு மணத்தின் தொடக்கமும் முடிவும் ஒரு கோட்டில், பிள்ளைகளின் வயது எல்லை அதன் கீழே என்று வரைந்துவிட்டால் பாதி முடிச்சு தானே அவிழும்.

மண உறவுக்கு வெளியே பிறந்த மகனுக்கு, தந்தை ஏற்றுக்கொண்டால், பழைய வேல்ஸ் சட்டத்தில் பங்கு உண்டு. 1284-ன் ருட்லன் சட்டம் அதைத் தடுத்தது. ஆனாலும் ஏடுகள் அவர்களை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே எழுதின. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: பெரிய இடத்துத் தந்தையைப் பின்னால் ஒட்டிவைப்பது. கேத்ரினின் தாய்வழித் தாத்தா சர் ரோலண்ட் டி வெல்வில், 1509 முதல் போமாரிஸ் கோட்டையின் காவல் அதிகாரி, 1535-ல் இறந்தார். அவர் இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றிக்கு, பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனியில் பிறந்த மகன் என்று குடும்ப மரபு சொல்கிறது. ஹென்றி 1471 முதல் 1484 வரை அங்கே அடைக்கலம் இருந்ததால் காலம் பொருந்துகிறது. காலம் பொருந்துவது வாய்ப்பைத்தான் காட்டும், உறவை அல்ல. அரசர் அவரை மகன் என்று வெளிப்படையாக ஏற்கவில்லை. 1512-ல் அவருக்குக் குடியுரிமை தரப்பட்டதும் வெளிநாட்டில் பிறந்தவர் என்பதை மட்டுமே காட்டுகிறது. இத்தகைய உறவைக் குடும்ப மரத்தில் புள்ளிக்கோடாகத்தான் போட வேண்டும்.

குலச்சின்னங்களை நம்பி இறங்க வேண்டாம். 11, 12-ம் நூற்றாண்டு மூதாதையருக்குச் சின்னங்கள் பிற்காலத்தில் பொருத்தப்பட்டவை. ஒருவர் தாய்வீட்டுச் சின்னத்தைத் தன் கேடயத்தில் சேர்த்திருந்தால், தாய் சகோதரரில்லாத வாரிசு என்று அவர் கோரினார் என்பதற்கு அது குறிப்பு. டிஎன்ஏவில் ஒய் குரோமோசோம் சோதனை ஆண் வழியைத் தள்ளவோ தாங்கவோ உதவும். ஆனால் குடும்பப் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்று வேல்ஸில் எதிர்பார்க்க முடியாது; ஒரே வழியில் பிரைஸும் லாயிடும் வருவார்கள். எல்லா வழி முன்னோரையும் கலந்து பார்க்கும் ஆட்டோசோமல் சோதனை பொதுவாக 16-ம் நூற்றாண்டு வரை எட்டாது.

முடிவை எழுதும்போது

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கேள்வி, ஒவ்வொரு கூற்றின் மூலமும் ஆண்டும், எதிரான ஆதாரம், அதை ஏன் தள்ளினீர்கள் என்பது, கடைசியில் உறுதி, வாய்ப்புண்டு, தள்ளப்பட்டது என்ற மூன்றில் ஒன்று. ஒன்றையொன்று பாராத இரண்டு சாட்சிகளாவது இல்லாமல் ‘உறுதி’ போடாதீர்கள்; அவற்றில் ஒன்று நிலமோ உயிலோ வழக்கோ சார்ந்ததாக இருக்கட்டும். தள்ளிய கூற்றையும் அழிக்காமல் அதே பக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் பழைய நூலைப் புரட்டி அதே உறவை மறுபடி ஒட்டிவிடுவார். கையெழுத்துப் படியின் எண்ணும் தாளின் எண்ணும், நீங்கள் பார்த்தது மூலமா, படமா, அச்சா என்பதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.