கணக்கெடுப்பில் பெயர் இல்லாத பாட்டியைத் தேடுவது எப்படி? ரெபேக்கா பூன் வழியாக ஒரு செய்முறை

எங்கள் சம்பந்தி வீட்டார் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்காரர்கள். "நாங்கள் டேனியல் பூன் வழி வந்தவர்கள்" என்பது அவர்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ஓடும் பேச்சு. டேனியல் பூன் 18-ஆம் நூற்றாண்டில் கென்டக்கியில் குடியேற வழிதிறந்த பிரபல முன்னோடி. கென்டக்கியில் நிறையக் குடும்பங்கள் இதையே சொல்லும் என்பது வேறு கதை. மருமகள் இதைச் சரிபார்த்துத் தரச் சொன்னாள். டேனியலைப் பற்றித் தேடினால் கொட்டிக் கிடக்கிறது. அவர் மனைவி ரெபேக்காவைத் தேடினால், "இன்னாரின் மனைவி" என்பதோடு முக்கால்வாசி இடங்களில் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோருக்கும் இதே நிலைதான். எனவே ரெபேக்காவை உதாரணமாக வைத்துக்கொண்டு, 1850-க்கு முந்தைய ஓர் அமெரிக்கக் குடியேறிப் பெண்ணின் குடும்பத்தை எப்படித் தேடுவது என்று எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். ரெபேக்கா ப்ரையன் 1739 ஜனவரி 9 அன்று, வர்ஜீனியாவின் வின்செஸ்டர் பக்கத்தில் பிறந்தவர். தாத்தா மார்கன் ப்ரையன் பென்சில்வேனியாவிலிருந்து உறவுக்கூட்டத்தோடு அங்கே வந்து குடியேறியவர். பிறகு மொத்தக் குடும்பமும் வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரைக்குப் போனது. 1756 ஆகஸ்ட் 14 அன்று, 17 வயதில் டேனியலோடு கல்யாணம். நடத்திவைத்தவர் மாமனார் ஸ்கொயர் பூன். அவர் அந்த ஊர் நீதிபதி. பத்துப் பிள்ளைகள். மூத்தவன் ஜேம்ஸ் 1773-இல் கென்டக்கிக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டான். இஸ்ரேல் 1782-இல் ப்ளூ லிக்ஸ் சண்டையில் செத்தான். ஒன்று கைக்குழந்தையிலேயே போய்விட்டது. 1775-இல் கென்டக்கி, 1799-இல் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மிசூரி. 1813 மார்ச் 18 அன்று மிசூரியில் மகள் ஜெமைமா வீட்டில் இறந்தார்.

தேவையானவை: பழைய ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் ஒரு கணக்கு (இலவசம்). அதே மாதிரியான கட்டணத் தளம் ஆன்செஸ்ட்ரிக்குச் சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள். பல அமெரிக்க நூலகங்களில் அதைச் சும்மாவே பார்க்கலாம். எழுதிவைக்க நான் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் தரவு நம் கணினியிலேயே இருக்கும். வம்ச மரத்தை ஒரு தளத்தில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது.

படி 1: இன்றிலிருந்து பின்னோக்கி, 1850 வரை

ரெபேக்காவிலிருந்து ஆரம்பித்துக் கீழே வராதீர்கள். உங்களிடமிருந்து ஆரம்பித்து மேலே போங்கள். 1850 வரை இது சுலபம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுதந்திரமான ஆட்கள் அனைவரின் பெயரையும் எழுத ஆரம்பித்தது அந்த வருடம்தான். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதியது 1880-லிருந்து. அதனால் 1850, 1860, 1870 ஏடுகளில் ஒரே வீட்டில் ஒரு பெண் பெயர் இருந்தால் அவர் மனைவி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தங்கையாகவும் இருக்கலாம், இரண்டாம் தாரமாகவும் இருக்கலாம்.

1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1790-இல் வெள்ளைப் பெண்களுக்கு வயதுப் பிரிவுகூடக் கிடையாது, கைக்குழந்தையும் கிழவியும் ஒரே கட்டத்தில். அடிமைகளின் நிலை இன்னும் மோசம்: 1850, 1860-இல் எடுத்த தனி ஏட்டில்கூட பெரும்பாலும் பெயர் இல்லை, உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பாலினம், நிறம் போன்றவை மட்டும்.

ரெபேக்கா விஷயத்தில் இந்த எண்ணிக்கைகூடக் கிடைக்காது. கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புகள் அழிந்துவிட்டன. வர்ஜீனியாவுக்கும் அதே கதி. கென்டக்கி 1790 என்று புத்தகத்திலோ தளத்திலோ பார்த்தால், அது வரிப் பட்டியல்களை வைத்துப் பிற்பாடு தொகுத்தது. வரிப் பட்டியல் ஆண்களின் பட்டியல். விதவைகள் அபூர்வமாக வருவார்கள். பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கென்டக்கியில் மாநிலம் முழுவதற்குமான பதிவு 1911-இல்தான் நிலைபெற்றது.

படி 2: தேதியைச் சரிசெய்வது

சின்ன விஷயம்தான், ஆனால் விட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். 1752-க்கு முன் ஆங்கிலேயர்களின் குடியேற்றங்களில் வருடம் மார்ச் 25-இல் பிறந்தது. ரெபேக்கா பிறந்த ஜனவரி 9 அவர்கள் கணக்கில் 1738-ஐச் சேர்ந்தது. அதனால் சில இடத்தில் 1738, சில இடத்தில் 1739, சில இடத்தில் 1738/39 என்று பார்ப்பீர்கள். மூன்றும் ஒரே நாள்தான். 1752 செப்டம்பரில் காலண்டரில் 11 நாள் வேறு தூக்கப்பட்டது. டேனியலின் பிறந்தநாள் அக்டோபர் 22 என்றும் நவம்பர் 2 என்றும் கிடைப்பது இதனால்தான்.

பூன் குடும்பம் சேர்ந்திருந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையின் ஏடுகளுக்குள் போனால் மாதப் பெயரே இருக்காது, முதல் மாதம் இரண்டாம் மாதம் என்று எண்தான். 1752-க்கு முன் முதல் மாதம் என்றால் மார்ச். ஆனால் அந்த ஏடுகளை விட்டுவிடாதீர்கள். பென்சில்வேனியாவில் பூன் குடும்பத்துப் பிள்ளைகள் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டதையும், அதையொட்டி அப்பா ஸ்கொயரை 1748-இல் சபையிலிருந்து விலக்கியதையும் எக்ஸீட்டர் சபை எழுதிவைத்திருக்கிறது. வம்பை இவ்வளவு ஒழுங்காகத் தேதி போட்டு எழுதிய கூட்டம் வேறு இல்லை.

படி 3: கவுண்டி எது என்று கண்டுபிடிப்பது

ஆவணம் ஊரில் இருக்காது, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்தில் இருக்கும். கவுண்டிகளோ உடைந்துகொண்டே போகும். யாட்கின் பக்கத்து நிலம் 1753 வரை ஆன்சன் கவுண்டி, பிறகு ரோவன், அதில் ஒரு பகுதி 1836 முதல் டேவி. குடும்பம் இருந்த இடத்தை விட்டு நகராமலேயே மூன்று கவுண்டிகளின் ஏட்டில் வரும். கென்டக்கியும் 1792 வரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி. அங்கே தொடக்கத்தில் இருந்த ஒரே கவுண்டியை 1780-இல் ஃபேயெட், ஜெஃபர்சன், லிங்கன் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஃபேமிலிசர்ச் விக்கியில் ஒவ்வொரு கவுண்டிக்கும் எப்போது, எதிலிருந்து பிரிந்தது என்று இருக்கிறது. தேடும் முன் அதைப் பாருங்கள்.

படி 4: பத்திரங்கள். இங்கேதான் பெண்கள் இருக்கிறார்கள்

பலரும் நின்றுபோவது இந்தப் படியில்தான். நானும் ரொம்ப நாள் இங்கேதான் நின்றேன், ஏனென்றால் அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரயப் பத்திர ஏட்டின் அட்டவணையில் விற்றவர், வாங்கியவர் பெயர் இருக்கும். மனைவியும் சேர்ந்து விற்றிருந்தால் கணவன் பெயருக்குப் பக்கத்தில் "எட் அக்ஸ்" (et ux.) என்று ஒரு லத்தீன் சுருக்கம். "மனைவியும்" என்று பொருள், அவ்வளவுதான். அவர் பெயர் வேண்டுமென்றால் பத்திரத்தையே திறந்து படிக்க வேண்டும்.

அப்படித் திறந்தால் பெயர் மட்டுமல்ல, அதற்கு மேலும் கிடைக்கும். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. கணவன் விற்றாலும் அந்த உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். நம் ஊரில் வில்லங்கம் பார்க்காமல் இடம் வாங்க மாட்டோமே, அதே போல வாங்குபவன் அந்தப் பெண் விட்டுக்கொடுத்த எழுத்தைக் கேட்பான். வர்ஜீனியா, கென்டக்கியில் நீதிபதி அவளைக் கணவனிடமிருந்து தள்ளித் தனியே அழைத்து, மனம் ஒப்பித்தான் விடுகிறாயா என்று கேட்க வேண்டும். அவள் வர முடியாத தூரத்தில் இருந்தால் இரண்டு நீதிபதிகளை அவள் இருக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். இந்தக் குறிப்பு பத்திரத்தின் கீழேயே இருக்கலாம்; சில மாதம் கழித்து, பல பக்கம் தள்ளி, தனியாகவும் இருக்கலாம். ஒரு பக்கத்தைப் பார்த்து "மனைவி பெயர் இல்லை" என்று மூடிவிடாதீர்கள். முன்னும் பின்னும் புரட்டுங்கள்.

கையெழுத்து இடத்தில் பெருக்கல் குறி இருந்தால், எழுதத் தெரியாமல் அடையாளம் வைத்தார் என்று அர்த்தம். எழுத்தர்தான் பெயரை எழுதினார், எனவே எழுத்துக்கூட்டலும் அவருடையது. ப்ரையன், ப்ரையண்ட், ப்ரியன் எல்லாம் ஒரே குடும்பமாக இருக்கலாம். தேடல் பெட்டியில் சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுங்கள்.

இதைவிட நல்லது, அப்பா இறந்தபின் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து விற்கும் பத்திரம். மகள்களும் மருமகன்களும் வரிசையாக நிற்பார்கள். ஒரு பெண்ணின் பிறந்த வீட்டை நிரூபிக்க இதற்கு மிஞ்சிய தாள் இல்லை. அப்பாவின் உயில் இரண்டாம் இடம்தான். உயிலில் மகளைக் கல்யாணத்துக்கு முந்தைய பெயரிலோ செல்லப் பெயரிலோ எழுதிவிடுவார்கள். மார்த்தா பாட்ஸி ஆவாள், மேரி பாலி ஆவாள், சாரா சாலி ஆவாள்.

சேர்த்தது: ஃபேமிலிசர்ச்சில் 2024 முதல் முழு உரைத் தேடல் வந்திருக்கிறது. கையெழுத்துப் பத்திரங்களை இயந்திரமே படித்து வைத்திருக்கிறது. அட்டவணையில் இல்லாத மனைவி, சாட்சி, பக்கத்து நிலத்துக்காரர் எல்லோரும் இதில் சிக்குவார்கள். பெயருக்கு முன் கூட்டல் குறி போட்டு, வருடத்தையும் கவுண்டியையும் குறுக்கிவிட்டுத் தேடுங்கள். பழைய கையெழுத்தில் இரண்டு ஸ் சேர்ந்து வந்தால் முதலாவது எஃப் போல இருக்கும், எனவே ஜெஸ்ஸி என்ற பெயரை இயந்திரம் ஜெஃப்ஸி என்று படித்திருக்கலாம். அப்படியும் ஒரு முறை தேடுங்கள்.

படி 5: சுற்றத்தைப் பிடிப்பது

இந்தக் குடும்பங்கள் தனியாக நகரவில்லை. ரெபேக்கா டேனியலைக் கட்டினார். ரெபேக்காவின் தங்கை மார்த்தா டேனியலின் தம்பி எட்வர்டைக் கட்டினார். டேனியலின் தங்கை மேரி கட்டியது ரெபேக்காவின் சித்தப்பா வில்லியம் ப்ரையனை. கொடுத்து எடுத்த உறவு நமக்குப் புதிதல்ல, எனவே இந்தப் படியில் தமிழர்கள் அமெரிக்கர்களைவிட வேகமாகப் போவார்கள். சாட்சி போட்டவர், கல்யாண உத்தரவாதப் பத்திரத்தில் ஜாமீன் நின்றவர் (பெரும்பாலும் பெண்ணின் அப்பா அல்லது அண்ணன்), பக்கத்து நிலத்துக்காரர் ஆகிய பெயர்களைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். சம்பந்தி வீட்டுக் கொடியும் இப்படித்தான் பிடிபட்டது. அவர்கள் பூன் உறவுதான், ஆனால் டேனியல் ரெபேக்கா வழி அல்ல, டேனியலின் தம்பி கிளை. வீட்டில் கொஞ்சம் ஏமாற்றம்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் பெரியவர், சின்னவர் என்று எழுதுவார்கள். அப்பா மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம்.

ரெபேக்காவுக்கு இது கிடைக்காது, ஆனால் அவருக்கு அடுத்த தலைமுறைப் பெண்களுக்குச் சுதந்திரப் போர் ஓய்வூதியக் கோப்புகள் தங்கச் சுரங்கம். 1836, 1838 சட்டங்களுக்குப் பிறகு விதவைகள் கல்யாணத்தை நிரூபித்து மனு போட வேண்டியிருந்தது. குடும்ப பைபிளில் பிறப்புகள் எழுதிய பக்கத்தையே கிழித்து இணைத்த கோப்புகள் உண்டு.

படி 6: வாய்மொழியை எடைபோடுவது

லைமன் டிரேப்பர் என்பவர் ஊர் ஊராகப் போய் முன்னோடிகளின் பிள்ளைகளிடம் கேட்டு எழுதினார். 1851-இல் ரெபேக்காவின் கடைசி மகன் நேதனையும் அவர் மனைவி ஆலிவையும் மிசூரியில் சந்தித்தார். அந்தக் குறிப்புகள் விஸ்கான்சின் மாநில வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன, பல பெரிய நூலகங்களில் நுண்படச் சுருளாகவும் பார்க்கலாம். ரெபேக்காவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் ஒரு கேள்வியை எப்போதும் கேளுங்கள்: சொல்கிறவர் அப்போது எங்கே இருந்தார்? நேதன் பிறந்தது 1781-இல். அம்மாவின் கல்யாணம் முதல் ஜெமைமாவை 1776-இல் ஷானி, செரோக்கி பழங்குடியினர் பிடித்துப்போனது வரை எல்லாம் அவர் கேள்விப்பட்டதுதான். மிசூரி வாழ்க்கை பற்றிச் சொன்னது கண்ணால் கண்டது. கிராம்ப்ஸில் நான் இரண்டுக்கும் வேறு வேறு நம்பகத் தரம் போடுகிறேன்.

டேனியல் நீண்ட நாள் வெளியே இருந்தபோது பிறந்த ஒரு மகள் அவருடைய சகோதரனுக்குப் பிறந்தவள் என்ற கதையும் டிரேப்பரிடம் சிலர் சொன்னதுதான். எந்தச் சகோதரன், எந்த மகள் என்பது சொல்பவருக்கு ஏற்ப மாறுகிறது. இப்படிப்பட்டதைக் குறிப்பில் வையுங்கள், மரத்தில் ஏற்றாதீர்கள்.

படி 7: அடுத்தவர் மரத்தைப் பார்ப்பது (கடைசியில்தான்)

ரெபேக்காவின் அப்பா ஜோசப் ப்ரையன். அம்மா? சில மரங்களில் ஆலிஸ் லின்வில், சில மரங்களில் ஹெஸ்டர் ஹாம்ப்டன். ஆயிரம் பேர் நகலெடுத்தாலும் அது ஆயிரம் சான்று ஆகாது. ஒவ்வொன்றிலும் ஆதாரம் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொரு மரம்தான் ஆதாரம் என்றால் மூடிவிடுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே மரத்தை எழுதும் விக்கிட்ரீ தளம் எனக்குப் பிடிக்கக் காரணம், ஒரு ஆளுக்கு ஒரே பக்கம் என்பதால் சண்டை வெளிப்படையாக அங்கேயே நடக்கும்.

கருத்துகளில் வந்தவை

டிஎன்ஏ சோதனை போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ரெபேக்காவுக்கும் இன்றைய ஆளுக்கும் நடுவே எட்டுத் தலைமுறை என்றால் அவர் பங்கு சராசரியாக 0.4 சதவீதம், சிலருக்குச் சுழியம். சாதாரணச் சோதனை இங்கே உதவாது. தாய்வழி மட்டுமே போகும் மைட்டோகாண்ட்ரியா சோதனை உதவலாம், ஆனால் ரெபேக்காவின் மகள், அவள் மகள், அவள் மகள் என்று இடையில் ஓர் ஆண்கூட வராத கொடி வேண்டும். பூன் என்ற குடும்பப் பெயரை வைத்து அந்தக் கொடியைத் தேட முடியாது, ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறியிருக்கும். மறுபடி படி 4-க்குத்தான் போக வேண்டும்.

கல்லறைக் கல்லில் தேதி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமா என்றும் ஒருவர் கேட்டார். ரெபேக்காவைப் புதைத்தது மிசூரியில். 1845-இல் அவர், டேனியல் இருவரின் எலும்புகளையும் தோண்டிக் கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். டேனியலுக்குப் பதில் வேறு யாரையோ தோண்டிப்போனார்கள் என்று மிசூரிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அங்கே நிற்கும் நினைவுச்சின்னம் அதற்கும் பிற்பட்டது. எனவே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆதாரக் கட்டத்தில் "1813 கல்" என்று போடாதீர்கள், "பிற்காலக் கல்" என்று போடுங்கள்.