மெமரி கார்டின் கடிகாரத்தை ஏற்றி இறக்கி பேட்டரியை மிச்சப்படுத்தும் முறை

அணைக்கட்டு ஊர்ப் பக்கம் மாமாவின் கிணற்றில் நீர்மட்டத்தை மெமரி கார்டில் பதிய எஸ்டிஎம்32எஃப்4 என்ற சிப் (மைக்ரோகன்ட்ரோலர்) உள்ள போர்டு ஒன்று வைத்திருக்கிறேன். வேலூர் வெயிலில் சோலாருக்குக் குறையில்லை. ஐப்பசியில் மூன்று நாள் மூட்டம் போட்டால்தான் பேட்டரி இறங்கிவிடும். "கிணறு ஏறுற நேரம் பாத்து உன் பெட்டி நின்னுடுதே மாப்ள" என்றார் மாமா. அதற்குப் பிறகு செய்தது இது.

முதலில், அளவீடு வரவர எழுதாதீர்கள். கார்டின் ஒரு பிளாக் 512 பைட். எட்டு பிளாக் அளவு ராமில் சேர்ந்ததும் மொத்தமாக எழுதுங்கள்.

எழுதும் முன் கடிகாரத்தின், அதாவது சிப் கார்டுக்கு அனுப்பும் துடிப்பின், வேகத்தை ஏற்றுங்கள். சிப்பின் 48 மெகாஹெர்ட்ஸை வகுக்கும் எண்ணை 0 ஆக்கினால் 24 மெகாஹெர்ட்ஸ், 118 ஆக்கினால் 400 கிலோஹெர்ட்ஸ். (அந்த எண்ணோடு 2 கூட்டித்தான் சிப் வகுக்கிறது.) மெதுவாக எழுதினால் மிச்சம் என்று தோன்றும். அதிர்வெண் குறைந்தால் கம்பியில் செலவு குறையும், உண்மைதான். ஆனால் எழுதி முடியும்வரை சிப்பும் கார்டும் விழித்திருக்கின்றனவே! வேகமாக எழுதிவிட்டு உடனே இறக்குவதுதான் லாபம்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். எழுதும் ஃபங்ஷன் திரும்பியதுமே நான் கடிகாரத்தை நிறுத்திவிட்டேன். முதல் பதிவு சரியாக இருந்தது, இரண்டாவது டைம்அவுட் (கார்டு பதில் தராமல் நேரம் கடந்துவிட்டது). இரண்டு வாரம் கார்டையே சந்தேகப்பட்டேன். நடந்தது வேறு: தரவை வாங்கிக்கொண்ட கார்டு, தன் ஃபிளாஷ் நினைவகத்தில் பதியும்வரை, தரவு போகும் டேட்டா0 கம்பியைத் தாழ்வாகப் பிடித்திருக்கும். கடிகாரம் நின்றாலும் உள்ளே வேலை முடியும். ஆனால் கம்பியை விட அதற்கு ஒரு துடிப்பாவது வேண்டும். அது வராவிட்டால் விடவே விடாது.

ஆகவே ஃபங்ஷன் திரும்பியதும் நிறுத்தாமல் 400 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். உள்ளே பதியும் வேலைக்கு நம் கடிகாரம் தேவையில்லை என்பதால் எதுவும் தாமதமாகாது. கார்டின் நிலையைக் கேட்டுக்கொண்டே இருங்கள். தயார் என்றதும் இன்னும் 8 துடிப்பு, அதாவது 20 மைக்ரோவிநாடி, கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

இதைப் பார்க்க மல்டிமீட்டர் போதாது, சராசரியைத்தான் காட்டும். கம்பிகளின் ஏற்ற இறக்கத்தைப் பதியும் மலிவான லாஜிக் அனலைசர் ஒன்று வாங்கி, அதைத் திரையில் காட்டும் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளையும் வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா0 எப்போது எழுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

பின்சேர்க்கை: காட்பாடி நண்பர் ஒருவர் கார்டை எஸ்பிஐ முறையில் (பல கருவிகள் ஒரே கம்பிகளைப் பகிரும் இணைப்பு) இணைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் சென்சார் படிக்கவில்லை என்றார். எஸ்பிஐயில் தரவு போகும்போது மட்டுமே கடிகாரம் ஓடும், இறக்க வேண்டியதில்லை. ஆனால் சிப் செலக்ட்டை (கார்டைத் தேர்ந்தெடுக்கும் கம்பி) உயர்த்திய பிறகு ஒரு பைட் கூடுதலாக அனுப்புங்கள். அந்த 8 துடிப்பு கிடைத்தால்தான் கார்டு பொதுக் கம்பியை விடும். அனுப்பிப் பார்த்தார், சென்சார் படித்தது.