இரண்டாவது நாயாக ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு: தத்தெடுக்க விண்ணப்பிப்பது எப்படி?

சென்னையில் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் நாட்டு நாய்களுக்கு நடுவே ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நிற்பதைப் பார்க்கலாம். குட்டியாக இருக்கும்போது ஆசையாக வாங்கியிருப்பார்கள். ஒன்றரை வயதில் இழுத்தால் கையோடு வராது, கேட்டருகே நின்று தெருவே அதிரக் குரைக்கும். வேலை மாற்றல், வீடு மாற்றல், இடுப்பு மூட்டு வலிக்கு ஆகும் செலவு என்று காரணங்கள் வேறு. குட்டி போட்டது போதும் என்று வளர்ப்பு வியாபாரிகள் விட்டுவிட்டுப் போன பெண் நாய்களும் உண்டு.

ஏற்கெனவே ஒரு நாய் இருக்கும் வீட்டுக்கு இப்படி ஒன்றைக் கூட்டிவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தத்து விண்ணப்பங்களைப் படித்து, ஃபோன் செய்து விசாரிக்கும் தன்னார்வலர் வேலை என்னுடையது. அதனால் கேள்வி கேட்கும் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஷெப்பர்டு மேல் உங்களுக்கு எவ்வளவு பிரியம் என்பது விண்ணப்பத்தில் இரண்டாம்பட்சம். உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் நாய் எப்படி வாழ்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம்.

படி 1: எந்த வேலைக்குப் பிறந்த நாய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மனியில் 1899இல் மாக்ஸ் ஃபோன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி, ஹோராண்ட் என்ற நாயைப் பதிவேட்டில் முதல் நாயாக எழுதி இந்த இனத்தைத் தொடங்கினார். போலீஸ் வேலையெல்லாம் பிறகு வந்தது. ஆரம்பத்தில் இது ஆடு மேய்க்கிற நாய். பயிர் நிலங்களுக்கு இடையே வேலி இல்லாத புல்வெளிகளில் ஆடுகள் மேயும்போது, பயிருக்குள் ஒன்றும் புகாமல் ஓரத்திலேயே நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் நடமாடும் வேலி. (பார்டர் கோலி வேறு மாதிரி. கண்ணால் முறைத்தே ஆடுகளை ஒன்று சேர்க்கும்.)

இந்தக் குணத்தை மூன்றாம் மாடி ஃபிளாட்டில் வைத்துப் பாருங்கள். பால்கனி கம்பி ஓரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடும். ஓடுகிற குழந்தைகளைச் சுற்றிவளைக்கும், சில சமயம் குதிகாலைக் கவ்வும். உங்கள் பழைய நாய் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால் வழிமறிக்கும். அது சண்டைக்கு வரவில்லை, மேய்க்கிறது. ஆனால் உங்கள் நாட்டு நாய்க்கு அது தெரியாது. தன் வீட்டில் தன்னையே மிரட்டுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வளர்ந்த ஆண் ஷெப்பர்டு 30 முதல் 40 கிலோ, பெண் 22 முதல் 32 கிலோ இருக்கும். 15 கிலோ நாட்டு நாயோடு மோதினால் விளையாட்டுக்கே காயம் படும்.

படி 2: வீட்டில் இருக்கும் நாயை ஒரு வாரம் கவனியுங்கள்

தெருவில் வேறு நாயைப் பார்த்தால் என்ன செய்கிறது? சாப்பாட்டுத் தட்டருகே யாராவது போனால் உறுமுகிறதா? அதன் மெத்தையில், உங்கள் பக்கத்தில், இன்னொரு நாய் உட்கார்ந்திருக்கிறதா என்றைக்காவது? இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். படிவம் நிரப்பும்போது கைகொடுக்கும்.

பொதுவாக ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண் என்றால் சச்சரவு குறைவு. இரண்டு பெண் நாய்களின் பகை ஆரம்பித்துவிட்டால் லேசில் தீராது. உங்கள் நாய்க்குக் கருத்தடை ஆகவில்லை என்றால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். அநேகக் காப்பகங்கள் அது இல்லாமல் அடுத்த பேச்சுக்கே வரமாட்டார்கள். ஒரு வயதுகூட ஆகாத, சொன்ன பேச்சு கேட்காத நாய் வீட்டில் இருந்தால் ஒரு வருடம் பொறுங்கள். பன்னிரண்டு வயதில் மூட்டு வலியோடு படுத்திருக்கும் கிழ நாய்க்கு ‘துணையாக’ இளம் ஷெப்பர்டைக் கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன். துணை கேட்டது அந்த நாய் இல்லை.

படி 3: நாயைத் தேர்ந்தெடுங்கள்

கிண்டி வேளச்சேரி சாலையில் இருக்கும் ப்ளூ கிராஸ் 1959 முதல் இயங்குகிறது. அது போக சிறு காப்பகங்களும், வீட்டிலேயே தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் ஃபாஸ்டர் குடும்பங்களும் இருக்கிறார்கள். இரண்டாவது நாயாக வேண்டும் என்றால் ஃபாஸ்டர் வீட்டில், அதுவும் வேறு நாய்களோடு இருக்கும் ஷெப்பர்டாகப் பாருங்கள். கூண்டில் இருக்கும் நாயின் உண்மையான சுபாவம் அங்கே தெரியாது. விளம்பரத்தில் ‘ஒற்றை நாயாக மட்டும்’ என்று போட்டிருந்தால் நம் வீட்டில் மாறிவிடும் என்று நினைக்காமல் அடுத்ததைப் பாருங்கள்.

நாயை நேரில் பார்ப்பதற்கு முன்பே ‘வண்டிச் செலவு’, ‘டெபாசிட்’ என்று யாராவது ஜிபே நம்பர் அனுப்பினால் அது மோசடி. நகர்ந்துவிடுங்கள்.

படி 4: படிவத்தை நிரப்புங்கள்

இங்கேதான் நல்ல வீடுகள்கூடக் கோட்டை விடுகின்றன. கேள்விகள் ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் ஒரே மாதிரிதான்: சொந்த வீடா வாடகையா, நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், இரவில் எங்கே தூங்கும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், இதற்கு முன் வளர்த்தவை என்ன ஆயின, இப்போது பார்க்கும் டாக்டர் யார், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா.

‘எங்களுக்கு நாய் என்றால் உயிர்’ என்று எழுதுகிறார்கள். எல்லோரும் அதையே எழுதுவதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடிவதில்லை. நாங்கள் தேடுவது நடைமுறை. உதாரணமாக, தனியாக இருக்கும் நேரத்தைப் பற்றிய கேள்விக்கு ‘யாராவது எப்போதும் வீட்டில் இருப்பார்கள்’ என்பது பலவீனமான பதில். இப்படி எழுதிப் பாருங்கள்:

“அம்மா வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் அவரால் பெரிய நாயைப் பிடித்து நடத்த முடியாது. காலை ஐந்தரைக்கு நானும் இரவு எட்டு மணிக்கு என் தம்பியும் தனித்தனியாக இரண்டு நாய்களையும் நடத்துவோம். பகலில் இரண்டுக்கும் நடுவே தடுப்புக் கதவு இருக்கும்.”

இதில் ஒரு குறையும் ஒரு வழியும் சேர்ந்தே இருக்கிறது. படிப்பவருக்கு நம்பிக்கை வருவது அதனால்தான். நேரத்தைக் கவனித்தீர்களா? தடித்த இரட்டை ரோமம் உள்ள நாயைச் சென்னை வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் தார் ரோட்டில் நடத்துவேன் என்று எழுதினால், ஷெப்பர்டைப் பற்றி நீங்கள் எதுவும் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். நடையோடு மூளைக்கும் வேலை வேண்டும்: மோப்பம் பிடித்துத் தேட வைப்பது, புதிய கட்டளை பழக்குவது. அதை யார் செய்வார்கள் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் முதல் நாயைப் பற்றிய பகுதியில் ‘ரொம்ப சாது’ என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். நோட்டில் குறித்தது இருக்கிறதே, அதை அப்படியே எழுதுங்கள். “தட்டருகே உறுமும், அதனால் தனி அறையில் சாப்பாடு வைக்கிறோம்” என்று எழுதியதற்காக யாரையும் நிராகரித்ததில்லை. அதை மறைத்து, வீட்டுக்கு வந்து பார்க்கும்போது தெரியவந்தால்தான் சிக்கல். முன்பு வளர்த்த நாய் செத்துப்போனது, தொலைந்துபோனது என்றாலும் அப்படியே. நடந்ததை எழுதி, இப்போது என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்றும் சேருங்கள்.

தடுப்பூசி அட்டையின் படத்தை இணைப்பது நல்லது. ரேபிஸ் ஊசி வருடா வருடம் தவறாமல் போட்டிருக்கிறது என்பதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் கிடையாது.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை வாட்ஸ்ஆப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள், ‘இரண்டாவது நாய், பெரிய இனம்’ என்று குறிப்பிட்டு. அடுக்குமாடிச் சங்கம் வேறு கதை: வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கங்கள் தடை போட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காக லிஃப்டில் பக்கத்து வீட்டு மாமியோடு சட்டம் பேச வேண்டாம், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

படி 5: ஃபோனும் வீட்டுப் பார்வையும்

ஃபோனில் படிவத்தில் கேட்டதையே திரும்பக் கேட்போம். பதில் மாறுகிறதா என்று பார்க்கத்தான். வீட்டுக்கு வந்தால் சோபாவையும் தரையையும் பார்க்கமாட்டோம், கேட்டின் அடி இடைவெளி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உயரம், பால்கனி கிரில், இரண்டு நாய்களைப் பிரித்துவைக்க இடம், இவற்றைப் பார்ப்போம். முதல் நாய் சங்கிலியில் கட்டிக் கிடந்தால் விண்ணப்பம் அநேகமாக அங்கேயே முடிந்தது.

படி 6: இரண்டு நாய்களும் சந்திக்கட்டும்

உங்கள் வீட்டு வாசலில் வேண்டாம். இரண்டுக்கும் சொந்தமில்லாத, தெருநாய்கள் குறைந்த ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கொரு நாய், தளர்வான கயிறு. நேருக்கு நேர் நிறுத்தாமல், சாலையின் இரு ஓரமாக ஒரே திசையில் நடங்கள். இரண்டும் சாதாரணமாகத் தரையை மோந்துகொண்டு வந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அப்புறம் மூன்று விநாடி மோந்துபார்க்க விட்டு, இரண்டையும் கூப்பிட்டு விலக்கி, மறுபடி நடை.

உடல் வளைந்து, பக்கவாட்டில் வந்தால் நல்லது. உடல் விறைத்து, வாய் மூடி, வால் நிமிர்ந்து, கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் உடனே விலக்குங்கள். ஷெப்பர்டுகளுக்கு இயல்பிலேயே உற்றுப் பார்க்கும் பழக்கம் உண்டு. நாட்டு நாய்கள் அதைச் சவாலாக எடுத்துக்கொள்ளும். ஒரே சந்திப்பில் முடிவு செய்யாதீர்கள், வேறொரு நாள் இன்னொரு முறை கேளுங்கள்.

படி 7: கையெழுத்துக்கு முன் மருத்துவ விவரம்

உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை, கருத்தடைச் சான்று, தடுப்பூசி அட்டை, இவற்றைக் கேட்டு வாங்குங்கள். பின்னங்கால் தள்ளாடினாலோ, முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தாவி ஓடினாலோ இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கு வசதி இருக்கிறது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சொறிக்கும் உண்ணிக்கும் நம் ஊரில் சர்வசாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின், மேய்ப்பு இன நாய்களில் சிலவற்றுக்கு ஆபத்து. எம்டிஆர்1 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால், மருந்தை மூளைக்குள் போகாமல் தடுக்கும் ஏற்பாடு வேலை செய்யாது. அதிக அளவில் கொடுத்தால் நடுக்கம், பார்வை மங்கல், மயக்கம் வரை போகும். கோலிகளில் இது மிக அதிகம், ஷெப்பர்டுகளிலும் ஒரு பகுதிக்கு உண்டு. உங்கள் பழைய நாய்க்குப் போடும் அதே ஊசியை இதற்கும் போடச் சொல்லாமல், டாக்டரிடம் இதை ஞாபகப்படுத்துங்கள்.

மாநகராட்சி உரிமம் இரண்டு நாய்க்கும் தனித்தனியாக வேண்டும். ஆன்லைனில் எடுக்கலாம். ரேபிஸ் சான்று கட்டாயம்.

படி 8: கூட்டிவந்த பிறகு

இரண்டையும் வெளியே ஒரு சுற்று நடத்திவிட்டு ஒன்றாக உள்ளே கூட்டிவாருங்கள். பொம்மை, எலும்பு எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் பூட்டிவிடுங்கள். சாப்பாடு தனித்தனி அறையில். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது, குறைந்தது முதல் சில வாரங்களுக்கு. பழைய நாய்க்கு முதலில் சாப்பாடு, முதலில் கயிறு, முன்பு தூங்கிய அதே இடம்.

பத்து நாள் கழித்து நாங்கள் ஃபோன் செய்வோம். சண்டை நடந்திருந்தால் சொல்லிவிடுங்கள், பெரும்பாலானவற்றுக்கு வழி இருக்கிறது. நிஜமாகவே முடியவில்லை என்றால் நாயைத் திரும்பக் கொடுக்க வேண்டியது எங்களிடம்தான். தெரிந்தவருக்குத் தள்ளிவிடக் கூடாது என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கும். தெருவில் விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.