மூன்றாம் நாள் போனைக் கொடுத்துவிடாதீர்கள்

சாப்பிடும்போது போன் கேட்டு அழும் நான்கு வயதுப் பிள்ளை. "இனி கிடையாது" என்று வீட்டில் முடிவாகிறது. முதல் நாள் பத்து நிமிட அழுகை. இரண்டாம் நாள் அரை மணி. மூன்றாம் நாள் தட்டு பறக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். "சரி, இன்னைக்கு மட்டும்" என்று போன் கைமாறுகிறது. நடத்தைப் பகுப்பாய்வு (ஒரு செயலுக்கு முன்னும் பின்னும் நடப்பதை வைத்து அதைப் புரிந்துகொள்ளும் துறை) தெரிந்தவர்கள் தலையில் கைவைப்பது இங்கேதான்.

பலன் நின்றுபோன நடத்தை, அடங்குவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போவதுண்டு. லைட் எரியாவிட்டால் நாமும் சுவிட்சைப் படபடவென்று நாலு தடவை தட்டுகிறோமே, அதேதான். அந்த உச்சத்தில் இறங்கிவந்தால், அழுதால் போதாது, தட்டை எறிய வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

எப்போதாவது மட்டும் பலன் கிடைத்த பழக்கம் லேசில் போகாது என்பது இன்னொரு சிக்கல். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், ஆய்வு எலிகளுக்கான தீனி உருண்டைகளைத் தானே செய்துகொண்டிருந்த காலம். ஒரு சனிக்கிழமை பார்த்தால், கையிருப்பு திங்கள் காலையைத் தாண்டாது. எலி நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் கொடுக்காமல், நிமிடத்துக்கு ஒன்று என்று சிக்கனம் பிடித்தார். எலிகளோ சளைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தன. அங்கே தொடங்கிய ஆராய்ச்சி, 1957-ல் சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து எழுதிய தடித்த நூல்வரை போனது. வீட்டில் யாராவது ஒருவர் எப்போதாவது போனைக் கொடுத்தாலும் இதே கதைதான். ஆகவே பாட்டி உட்பட வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால், போனை நிறுத்தும் வேலையை ஆரம்பிக்காமல் இருப்பதே மேல். தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளை என்றால் நிபுணர் துணையில்லாமல் இறங்கவே வேண்டாம்.

அப்புறம், 'எதிர்மறை வலுவூட்டல்' என்றால் தண்டனை என்று நினைப்பது. படித்தவர்களே தடுமாறுவார்கள். ஒரு தொல்லை விலகுவதால் ஒரு செயல் கூடினால், அதுதான் எதிர்மறை வலுவூட்டல். போனைக் கொடுத்ததும் அழுகை நிற்கிறது. அடுத்த தடவை நம் கை இன்னும் சீக்கிரம் போனுக்குப் போகிறது. பிள்ளை நம்மைப் பழக்கிவிட்டது!

திட்டுவதும் எல்லாப் பிள்ளைகளிடமும் எடுபடாது. சமையலறையை விட்டு வராத அம்மா திட்டுவதற்காவது பக்கத்தில் வந்தாரே என்று சிலதுக்கு அதுவே பரிசு. அழுகைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று நாலு நாள் குறித்துப் பார்த்தால் விஷயம் தெரியும்.

"ஒரு வாரம் சமர்த்தாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்" என்பதும் வேலைக்கு ஆகாது. நான்கு வயதுக்கு ஞாயிறு வெகுதூரம். போன் இல்லாமல் இரண்டு வாய் வாங்கியதும், அப்போதே கதையை ஆரம்பிக்க வேண்டும். காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு எங்கே போச்சு என்பதை மூன்றாவது வாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.